நாற்பத்திரண்டாவது வாரம்

முடியைப் பார், முடியை. உப்பால் கட்டிய கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ராணிக்குத் தலைமுடி இப்படியா வழவழவென்று விழும், இப்போதுதான் பார்லரிலிருந்து எழுந்து வந்தவளைப் போல? உப்புக் காற்றில் நாலு நாள் நின்றால் தலை தேங்காய் நாராகிவிடும் என்பது வேளாங்கண்ணிக்குப் போய்வந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இந்த மேதாவிகளுக்குத் தெரியவில்லை. தில்லைநாயகி பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி டீவியைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால், பக்கத்துச் சோபாவில் காலை மடித்துப் போட்டுத் தட்டை கொறித்துக்கொண்டிருக்கும் தங்கை லோசனி, ஆரம்பிச்சிட்டியாக்கா என்பாள். காலையில் வந்ததிலிருந்து நாலு முறை சொல்லிவிட்டாள், ஐந்தாவது முறை சொன்னால் அது சண்டை. மணி மூன்றரை. எட்டாவது எபிசோட், இதுதான் கடைசி, ஒரு மணி நேரம் ஓடும். ஐந்து மணிக்கு லோசனிக்கு ஆட்டோ சொல்லியாயிற்று, அப்புறம் சேலம் பஸ். அதற்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்னைக்கு இருந்துட்டுப் போடி. இவ்வளவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் குரலையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துவிட்டவளுக்கு இந்தச் சொந்த வார்த்தை மட்டும் தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டது. சேலத்தில் லோசனிக்காக யாரும் காத்துக் கிடக்கவில்லை. புருஷன் அந்தோணிசாமி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, பையன் குவைத்தில் இருக்கிறான். இருந்தும் போகிறாள். இரு என்று சொல்ல ஆளில்லாததால் போகிறாள். இதெல்லாம் தெரிந்தும் தில்லைநாயகி ராணியின் முடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த ‘உப்பரண்’ தொடரை இன்றைக்கு ஊரே பார்க்கிறது. கீழ் வீட்டுச் சாருமதி லிஃப்டில் நிறுத்தி, ஆன்ட்டி உப்பரண் பாக்குறீங்களா, செமயா இருக்கு என்றாள். செமயாம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வாராவாரம் வியாழக்கிழமை பத்திரிகையில் வந்த இதே தொடர்கதைக்காக வாசலில் தவம் கிடந்தவளிடம் வந்து, நேற்றுப் பிறந்த பெண் செம என்கிறாள். போனில் பார்த்துவிட்டு, பாதியில் சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விட்டு வந்து, கதை புரிந்துவிட்டது என்று சொல்லும் கூட்டம். இவர்களுக்கு ஆழிமதி யார், அவள் தங்கை தூமணி யார்? மழை பட்டால் கரைந்துபோகும் கோட்டை. அதன் ராணி ஆழிமதி. மழையைக் கூட்டிவரும் மழைநாகத்தோடு சிநேகம் வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்லக் கேட்காமல் போகிறவள் தூமணி. போனவள் திரும்பினால் கூடவே மழை வரும், கோட்டை கரையும். அதனால் அக்கா கதவைச் சாத்துகிறாள். எப்பேர்ப்பட்ட நியாயம்! அதை எழுதியவரிடமும் குறை இல்லாமல் இல்லை. கதவு சாத்தியதற்கு அடுத்த அத்தியாயமே, ‘தூமணி அழுது முடித்திருந்தாள்’ என்று ஆரம்பிப்பார். எதற்கு அழுதாள்? திமிரெடுத்துப் போனவள் எதற்கு அழ வேண்டும்? அதோடு விட்டாரா, ஆழிமதிக்குத் திடீரென்று இருமல். கடைசி அத்தியாயம் வரைக்கும் இருமிக்கொண்டே இருப்பாள். எங்கிருந்து வந்த இருமல், யார் கொடுத்த இருமல் என்று ஒரு வரி கிடையாது. தில்லைநாயகி அப்போதே பத்திரிகை ஆசிரியருக்குக் கார்டு போட்டாள். ‘ராணிக்கு இருமல் வந்த காரணத்தைக் கதாசிரியர் மறந்துவிட்டாரா, வாசகர்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாரா?’ பதில் வரவில்லை. வராது. பதில் இருந்தால்தானே வரும். அந்தக் கார்டை எழுதிய கைக்கு இப்போதும் அவள் மனசுக்குள் ஒரு தட்டிக்கொடுப்பு உண்டு.

திரையில் கடல் கொதித்தது. மழைநாகம் எழுந்தது. ஐயோ, இதுவா நாகம்? காற்றடைத்த லாரி டியூபுக்குக் கண் வரைந்த மாதிரி. பத்திரிகையில் கறுப்பு மசியில் ஒரு படம் போட்டிருந்தார்கள், செதில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், பார்த்தால் கைக்கே ஈரம் ஒட்டும். இது கம்ப்யூட்டர் பிள்ளைகள் வேலை. ஆனாலும் அது தலையைத் திருப்பியபோது தில்லைநாயகியின் கை நாற்காலிக் கையைப் பிடித்தது. பிடித்ததை லோசனி பார்த்தாளா? பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். முந்தின ஏழு எபிசோடையும் இரண்டிரண்டு தடவை பார்த்ததை லோசனியிடம் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. தெரிந்துபோனால், குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன் என்பாள். குறை கண்டுபிடிக்க ஒரு தடவை போதாதா என்று யாராவது கேட்டால், இவர்கள் செய்திருக்கும் குறைக்கு இரண்டு தடவை வேண்டும் என்பாள். இந்தக் கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ரிமோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இரண்டு நாள். லோசனிதான் போனில் சொன்னாள், ‘கடைசியை ஒண்ணா உக்காந்து பாப்பம்க்கா, நான் ஞாயித்துக்கிழமை வரேன்.’ அம்மா செத்த அன்றைக்குக்கூட மாலை எங்கே, ஐஸ்பெட்டி எப்போது என்பதற்கு மேல் பேசாத இரண்டு பேர். இந்தத் தொடர் வந்த முதல் வாரம் போன் அடித்து, ‘அக்கா, நம்ம கதை டீவில வருது’ என்றாள். நம்ம கதையாம். ஒரு ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. அந்த வார்த்தைக்குத் தில்லைநாயகி என்ன பதில் சொன்னாள்? ‘பாத்தேன். கண்றாவியா எடுத்திருக்கான்.’ பிறகு முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

தூமணி கிளம்புகிறாள். நகையெல்லாம் போட்டுக்கொண்டு, பின்னாலேயே பாட்டு. கிளம்புகிறவள் எவளாவது நகை போட்டுக்கொண்டு கிளம்புவாளா? வீட்டை விட்டுப் போகிறவள் கைப்பையில் இரண்டு புடவை, சர்டிபிகேட், ஒரு சீப்பு. லோசனி அப்படித்தான் போனாள். அதுவும் ஒரு வியாழக்கிழமை. தில்லைநாயகி பகல் ஷிப்ட் முடிந்து வந்தபோது அம்மா அடுப்படியில் தரையில் கிடந்தாள், பாலெல்லாம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. லேத் பட்டறை அந்தோணிசாமியோடு போய்விட்டாள். வேற ஆளுங்க, வேற சாமி. அப்பா இல்லாத வீட்டில் சம்பாதித்துப் போட்டவள் தில்லைநாயகி, அவளுக்கு அப்போது இருபத்தேழு, லோசனிக்கு இருபத்திரண்டு. அதற்கப்புறம் வந்த வரன்களெல்லாம் தங்கச்சி ஓடிப்போனவளாமே என்று வாசலோடு திரும்பின. பத்துத் தெருவுக்கு ஒரே பேச்சு. அவள் போன முதல் வாரம் எது திங்கள், எது வெள்ளி என்றே தில்லைநாயகிக்குத் தெரியாது. எக்ஸ்சேஞ்சில் யாரோ மதுரை கேட்டால் கோயம்புத்தூர் கொடுத்தாள். எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை பத்திரிகை வந்து விழுந்தது. அதுவரைக்கும் லோசனிதான் உரக்கப் படிப்பாள், இவள் கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டே கேட்பாள். அன்றைக்கு முதல் தடவையாகத் தானே எடுத்துப் படித்தாள். தூமணி அழுது முடித்திருந்தாள். நல்லா அழு என்று நினைத்தாள். நினைத்ததில் ஒரு சுகம் இருந்தது, அந்தச் சுகத்தை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதோ, ராணி சாத்துகிறாள். கதவு சாத்துவதை மட்டும் உருப்படியாக எடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக் கதவு, உப்புப் பொடி உதிர்கிறது, சத்தமே இல்லை. தில்லைநாயகிக்கு அந்த இன்னொரு கதவு ஞாபகம் வந்தது. வர வேண்டாம் என்று நினைத்தால் அதுதான் முதலில் வரும். லோசனி போய் மூன்று வருஷம் கழித்து, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். தட்டுகிற சத்தம். லோசனியின் தட்டல் என்று ஒரு தட்டல் உண்டு, இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. கூட ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அம்மா எழுந்தாள், தில்லைநாயகி அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள், அதுதான் ஆச்சரியம். தில்லைநாயகி கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள், அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. தாழ்ப்பாளில் கைகூட வைத்தாள். அப்போது மனசில் ஓடியது எது என்றால், வெட்கக்கேடு, இந்தக் கதைதான். ஆழிமதி திறந்தாளா? திறக்கவில்லை. பெரியவள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டாமா? கோட்டைக்குள் யார் இருந்தார்கள், அவளும் அம்மாவும் ஒரு கிரைண்டரும். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவள் செய்தது சரி. கதையிலேயே இருக்கிறது. வாராவாரம் தாளைக் கிழித்துச் சேர்த்து, கலிக்கோ அட்டை போட்டு பைண்டு பண்ணி அலமாரியில் இருக்கிறது, சந்தேகம் என்றால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பின்னால் அது புத்தகமாக வந்தபோது அவள் வாங்கவில்லை. படமில்லாத பதிப்பை வாங்குகிறவன் வாங்கட்டும், பத்திரிகையில் வந்ததைப் பத்திரமாக வைத்திருப்பவளுக்கு அது எதற்கு?

அப்போது திரையில் ராணி திரும்பினாள். இரண்டடி நடந்தாள், நின்றாள். ‘கதவைத் திறங்கள்’ என்றாள். தில்லைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவு திறந்தது. வெளியே மழை. முடியெல்லாம் நனைந்து அந்த விக் கடைசியில் ஒரு மனுஷியின் தலையாக ஆனது. கோட்டை அவளுக்குப் பின்னால் பால் மாதிரி வழிய, ராணி சேற்றில் இறங்கி நின்று, கடலைப் பார்த்து, தூமணி என்று கூப்பிட்டாள். தில்லைநாயகி வந்த கோபத்தில் ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்தினாள்.

“பாத்தியாடி கொழுப்ப? இது கதையில எங்க இருக்கு? கூப்பிடுறாளாம்! ஜனங்க மூக்கச் சிந்தணும்னு இவனுங்களாச் சேத்தது. ராணி இறங்கி வந்து கெஞ்சுவாளா? கதையும் தெரியாது, மானமும் தெரியாது.”

லோசனி தட்டையைக் கீழே வைத்தாள். “இருக்குக்கா.”

“என்ன இருக்கு?”

“கூப்புடுவாக்கா. கதைல மூணு தடவ கூப்புடுவா. இவன் ஒரு தடவையோட விட்டுட்டான்.”

“யாருகிட்ட கதை விடுற? ஓடிப்போனவங்களுக்கெல்லாம் இப்படி ஒரு சீன் வேணும்தான், சொகமா இருக்கும். எங்கிட்ட பைண்டு இருக்கு.”

சொல்லிவிட்டாள். ஓடிப்போனவங்க. முப்பத்தெட்டு வருஷமாக இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி நடந்துபோன சொல், தட்டைத் துகளோடு நடு ஹாலில் கிடந்தது. லோசனியின் முகம் மாறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இனி எதையாவது நிரூபித்தே ஆக வேண்டும். தில்லைநாயகி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அலமாரியைத் திறந்து பைண்டை எடுத்தாள், மடியில் வைத்துப் புரட்டினாள். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று, கதவு சாத்துகிற படம். பார், பார் என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்க, விரல் அடுத்த தாளைத் திருப்பியது. தூமணி அழுது முடித்திருந்தாள். அதற்கு மேலே, தலைப்பை ஒட்டிச் சின்ன எழுத்தில் நாற்பத்து மூன்று. விரல் திரும்பிப் போனது. நாற்பத்தொன்று. மறுபடி வந்தது. நாற்பத்து மூன்று. எச்சில் தொட்டு, இரண்டு தாள் ஒட்டியிருக்கிறதோ என்று நிமிண்டிப் பார்த்தாள், ஒட்டவில்லை. ஊரில் எவன் எதை எழுதினாலும் பிழை பார்க்கிறவள், கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை கண்டுபிடித்துப் பெண்வீட்டாரிடம் சொல்கிறவள், முப்பத்தெட்டு வருஷம் மடியில் வைத்துக்கொண்டு எண்ணைப் பார்க்கவில்லை. இருமல். மழையில் நின்றாள், அதனால் இருமினாள். எழுதினவர் அந்தக் கார்டைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்? இந்தப் பெண்ணுக்கு ஒரு வாரப் பத்திரிகை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார், பாவம் என்றுகூட நினைத்திருப்பார்.

“அந்த வாரப் பத்திரிகைய நாந்தான் எடுத்துட்டுப் போயிட்டேங்க்கா,” என்றாள் லோசனி. “கெளம்பறப்ப வாசல்ல கெடந்துச்சு. பஸ்ல படிக்கலாம்னு பையில போட்டேன். நாமக்கல் வரைக்கும் அதையேதான் படிச்சுக்கிட்டுப் போனேன். தூமணிக்குக் காதுல விழும், மூணு தடவையும் விழும். ஆனா திரும்ப மாட்டா. அதான் அடுத்த வாரம் அழுவா.” நின்றுபோன திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நீ இன்னொண்ணு கடையில வாங்கிப் படிச்சிருப்பேன்னு நெனச்சேன். ஒரு வாரம் விட மாட்டியே நீ. அதப் படிச்சிட்டு எப்புடியும் வருவேன்னு மூணு வருஷம் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் நானே வந்தேன், தீபாவளிக்கு.”

அந்த நேரம் பார்த்து லோசனியின் போன் அடித்தது, ஆட்டோக்காரன் சீக்கிரமே வந்து கீழே நிற்கிறான். வந்தவன் ஐந்து மணிக்கு வந்தால் என்ன, இந்த ஊரில் எவன் எப்போது நேரத்துக்கு வந்திருக்கிறான், இன்றைக்கென்று பார்த்து! லோசனி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பையை எடுத்தாள். ‘மிச்சத்தப் பாத்துட்டுச் சொல்லுக்கா’ என்றாள், ‘வரேன்’ என்றாள். இருந்துட்டுப் போடி என்கிற அந்த மாத்திரை தொண்டையிலேயே கிடந்தது. கதவு சாத்திக்கொண்டது, உப்புக் கதவு மாதிரிச் சத்தமே இல்லாமல். லிஃப்ட் இறங்குகிற ஓசை. மடியில் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் அவளுடைய விரல் இன்னும் இருந்தது. திரையில் அந்த ராணி வாய் திறந்தபடி, பாதிப் பெயரோடு நின்றுகொண்டிருந்தாள். சினிமாக்காரி. ஒரு தடவை கூப்பிட்டதற்கே இவளுக்கு அவார்டு கொடுப்பார்கள்.

பால்கனிக் கதவு எப்போதும் போல் இறுகிக்கொண்டது, தோளால் இடித்தாள். பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக் கத்துகிற பெண்களைப் பற்றித் தில்லைநாயகிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, கீரைக்காரனுக்காகக் கத்தும் சாருமதியிடம் அதை இரண்டு முறை சொல்லியும் இருக்கிறாள். கீழே சாருமதி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். தெருமுனை இஸ்திரிக்காரன் பார்க்கட்டும். லோசனி ஒரு காலை ஆட்டோவில் வைத்திருந்தாள், உச்சியில் முடி கொட்டி வகிடு அகன்று போயிருந்தது. மேலேயிருந்து பார்த்தால்தான் அது தெரிகிறது.

“லோசனீ!”

முதல் தடவையிலேயே லோசனி நிமிர்ந்து பார்த்துவிட்டாள். பார்த்தவள் காலை ஆட்டோவிலிருந்து கீழே எடுத்தும் வைத்துவிட்டாள். ஆனாலும் தில்லைநாயகி நிறுத்தவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரல் உடைந்தாலும் உடையட்டும் என்று, மிச்சம் இரண்டு தடவையையும் கூப்பிட்டு முடித்தாள்.